ஒன்பது விளக்கு, பன்னிரண்டு வீடு

எனக்குக் கத்திரி அக்கா என்று பெயர் வைத்தவன் கீழ்வீட்டு நெட்டையன். நான் கத்திரியைக் கையில் எடுத்தே மூன்று வருடம் இருக்கும். எல்லாம் மெஷின் வெட்டுகிறது. ஒரு ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும், ஆனால் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பில் படம் வரைந்து அனுப்பினால் உள்ளே இருக்கிற துளியூண்டு பிளேடு இப்படியும் அப்படியும் ஓடி வெட்டிக் கொடுக்கும். பிறந்தநாள் தோரணம், கேக் மேல் குத்துகிற எழுத்து, காகிதப் பூ, தொப்பி, முகமூடி, எது கேட்டாலும் செய்வேன். சீக்கிரம் வேண்டும் என்று கேட்பவர்களைக் கண்டால் மட்டும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெஷின் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் முடிந்தது என்று எல்லோருக்கும் நினைப்பு. வெட்டிய அட்டையை, அது நகராமல் பிடித்துக்கொள்கிற பசை விரிப்பிலிருந்து கிழியாமல் எடுப்பது யார்? ஜன்னல் ஜன்னலாக ஊசியால் குத்தித் துண்டுகளைக் கழிப்பது யார்? மடிப்பதும் ஒட்டுவதும் யார்? நான்தான். முதுகு விட்டுப் போகும். அந்த நேரத்தில் வாசலில் யாராவது வந்து நின்றால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. நான் கோபக்காரி, இதில் மறைக்க ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். ஊரில் இருக்கிற கரண்டையெல்லாம் பயமில்லாமல் தொடுகிற மனுஷன், மெஷின் ஓடும்போது என் பக்கம் வரமாட்டார்.

நெட்டையன் கீழ்வீட்டு லாரிக்காரரின் தம்பி. லாரிக்காரர் மாதத்தில் இருபது நாள் ரோட்டில் இருப்பார். அவர் மனைவி தையல் ஃபேக்டரியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவள். அவர்களுக்கு ஒரே பெண், சுண்டு. அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, திட்டுவது, திட்டிவிட்டுச் சமாதானம் செய்வது எல்லாம் சித்தப்பன் வேலை. அவன் டயர் கடையில் மாலை ஷிப்ட் கேட்டு வாங்கியதே அந்தக் குழந்தைக்காகத்தான். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டுகிற அழகை அந்தக் கட்டடமே பார்த்துச் சிரிக்கும். அவன் கவலைப்பட்டதே இல்லை.

சுண்டுவின் ஆறாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் மாடியேறி வந்தான்.

"அக்கா, எங்க சுண்டுவுக்கு ஒரு தெரு வேணுமாம்."

"தெருவா? நான் என்ன கவுன்சிலரா?"

"பேப்பர்ல அக்கா. வீடு வீடா இருக்கணும். ஜன்னல்ல எல்லாம் லைட் எரியணுமாம். யாரோ வெச்சிருந்த போட்டோவைப் பார்த்துட்டு மூணு நாளா என் உயிரை எடுக்கறா."

"எத்தனை வீடு?"

"பன்னெண்டு."

"அதோட ஒரு பஸ் ஸ்டாண்டும் கட்டித் தரட்டுமா?"

"கட்டினா வேண்டாம்னா சொல்லப் போறேன்?" என்று பல்லைக் காட்டினான். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு அந்தப் பையனைப் பிடிக்கும். இதை இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதிரி காகித வீடு நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன். கனமான அட்டையில் நான்கு சுவரும் ஒரே துண்டாக வெட்டி மடிக்க வேண்டும். கூரை தனி, எடுத்து மூடுகிற மாதிரி. ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் உள்ளே விளக்கு எரியும்போது நிஜ வீடு மாதிரியே இருக்கும். அடிப்பாகத்தில் ஒரு வட்டம் வெட்டுவேன். அதன் ஓரத்தில் நாலு பல் விட்டிருப்பேன். கட்டை விரல் நகம் அளவு பேட்டரி விளக்கை அதில் செருகினால் பல் நான்கும் கவ்விக்கொள்ளும். அந்த ஓட்டையில் வேறு எதுவும் நுழையாது. வேண்டுமென்றே அப்படித்தான் வைத்திருந்தேன். எல்லாப் பெட்டியிலும், பேட்டரி விளக்கு மட்டும், தீ வைக்காதீர்கள் என்று ஒரு சீட்டும் போடுவேன்.

இந்த முறை வழக்கமான விளக்கு கடையில் இல்லை. வேறு ரகம் கிடைத்தது. சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிசு. திரும்பவும் கடை கடையாக ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது? லேப்டாப்பில் அந்த வட்டத்தைப் பிடித்து இழுத்து நாலு சென்டிமீட்டர் ஆக்கினேன். பல் வேண்டாம், தானாக உட்கார்ந்துகொள்ளும் என்று அதையும் எடுத்துவிட்டேன். அரை நிமிட வேலை. பன்னிரண்டு வீட்டுக்கும் அதே அளவு போய்ச் சேர்ந்தது. அந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு என்னென்ன பொருள் இருக்கிறது என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

நெட்டையன் இரண்டு நாள் பகலில் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜன்னல் துண்டுகளை ஊசியால் குத்தி எடுத்துக் கொடுத்தான். ஒரு வீட்டுக்குப் பதினாறு ஜன்னல். எண்ணிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத்தனை ஜன்னல் வெச்சா உள்ள இருக்கறவன் சட்டை மாத்தறது எப்படி?" என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் விளக்குகளை எடுத்துப் போட்டுச் சோதித்தார். பன்னிரண்டில் மூன்று எரியவில்லை. பேட்டரி மாற்றினார், கம்பியைச் சுரண்டினார், ஒன்றும் நடக்கவில்லை.

"சரக்கே மட்டம். திங்கக்கிழமைதான் மாத்த முடியும்," என்றார்.

"பிறந்தநாள் நாளைக்கு."

"அதுக்கு நான் என்ன பண்ண? என் தலையில பல்பு எரியுதா?"

அப்படியே விட்டுவிட்டோம். ஒன்பது எரிந்தால் போதாதா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வாங்கிப்போக வந்த நேரம் நல்ல நேரமில்லை. ஒரு கல்யாண மண்டபத்துக்கு இருநூறு காகிதப் பூ மறுநாள் காலை கொடுக்க வேண்டியிருந்தது. விரிப்பில் பசை குறைந்து அட்டை நகர்ந்துவிட்டது. பிளேடு கோணலாக இழுத்து ஒரு முழு ஷீட்டையும் கந்தலாக்கியிருந்தது. நான் அந்தக் கந்தலைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்றான். வீடுகள் பன்னிரண்டையும் ஒரே நீள அட்டையில் வரிசையாக ஒட்டித் தெருவாக்கி, தட்டில் வைத்திருந்தேன். மாடிப்படி இறங்குகிற தூரம்தானே என்று பெட்டியில் போடவில்லை. பெட்டி இல்லாததால் சீட்டும் இல்லை.

ஒவ்வொரு வீடாகக் குனிந்து பார்த்தவன், "அக்கா, மூணுல லைட் இல்லையே?" என்றான்.

"மூணு அவுட்டு. கடை லீவு. நீயே ஏதாவது வெச்சு எரிய விடு."

"ஏதாவதுன்னா என்னக்கா?"

அவன் கேட்டான். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பையன் கேட்டான்.

"எல்லாத்தையும் உனக்கு ஊட்டி விடணுமாடா? இருக்கற வேலையில நீ வேற. எடுத்துட்டுப் போ முதல்ல!"

"சரி சரி, கடிக்காதீங்க. ஆறரைக்குக் கேக் வெட்டறோம், வந்துடுங்க. நீங்க வரலைன்னா சுண்டு என்னை உரிச்சு எடுத்துடுவா."

"பார்க்கலாம்," என்றேன். போகவில்லை. பூ பாக்கி இருந்தது.

ஆறரை மணிக்குக் கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு அரைகுறையாக நின்றது. பிள்ளைகள் கத்தினார்கள். அந்தக் கத்தலில் ஒன்று மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நானும் வீட்டுக்காரரும் படியில் விழுந்தடித்து ஓடினோம். புகையைப் பார்த்ததும் அவர் ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துவிட்டார். தொழில் புத்தி. நேராக மீட்டர் பெட்டிக்கு ஓடி மெயினை இறக்கினார். வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் மேசை மேல் தெரு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நான் சுண்டுவைப் பார்த்தேன். வலை வைத்துத் தைத்த புது ஃபிராக் போட்டிருந்தாள். நெட்டையன் அவளைத் தரையில் போட்டுத் தன் வெறும் கையால் அடித்து அடித்து நெருப்பை அணைத்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு போர்வையோடு வந்து இரண்டு பேர் மேலும் விழுந்தாள்.

வலது கை முழுக்க, கழுத்து, கன்னத்தில் ஒரு பக்கம். உயிருக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று நாலு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். கேக் வெட்டக் கத்தி எடுத்து வருவதற்காக நெட்டையன் சமையலறைக்குப் போயிருக்கிறான். பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் பற்றிவிட்டது. இவ்வளவுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை கீழ்வீட்டைச் சுத்தம் செய்ய நானும் போனேன். மேசையில் சாம்பல். ஒன்பது பிளாஸ்டிக் விளக்குகள் உருகி ஒட்டியிருந்தன. நடுவில் மூன்று இடத்தில் தகரக் கிண்ணம் இருந்தது, அந்தக் குட்டி மெழுகுவர்த்தி வருமே, அதனுடைய கிண்ணம். அதில் ஒன்றைச் சுற்றி அடி அட்டை கொஞ்சம் எரியாமல் மிச்சமிருந்தது. நான் வெட்டிய வட்டத்தில் அந்தக் கிண்ணம் துளி இடைவெளி இல்லாமல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அந்த அட்டையை நசுக்கிக் குப்பைப் பையில் போட்டேன். கை தானாகப் போட்டது.

மூன்றாம் நாள் சுண்டுவின் அம்மா துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மாடியேறி என் வாசலில் நின்றாள். மூன்று நாளில் பத்து வயது கூடியிருந்தது அவளுக்கு.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளும்மா."

"மெழுகுவர்த்தி எதுக்குடா வெச்சேன்னு கேட்டா, நீங்கதான் ஏதாவது வெச்சு எரிய விடுன்னு சொன்னீங்கன்னு சொல்றான். சொன்னீங்களாக்கா?"

அவள் சண்டைக்கு வரவில்லை. சொன்னேன் என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் கட்டடம் முழுக்கப் பேசும். பேப்பர்காரி குழந்தையைக் கொளுத்திவிட்டாள் என்பார்கள். இனி எவள் என்னிடம் தோரணம் வாங்குவாள்? இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. அந்த நேரத்தில் ஒரு தடவைகூட சுண்டுவின் முகம் வரவில்லை. அதுதான் என் லட்சணம்.

"நானா? நல்லா இருக்கே கதை! பேட்டரி லைட்டுதான் வெக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

அவள் தலையை ஆட்டினாள்.

"நானும் அதான் நினைச்சேன். நீங்க எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வீங்கன்னு எனக்குத் தெரியாதா? பயத்துல உளறியிருக்கான். மனசுல வெச்சுக்காதீங்கக்கா."

மன்னிப்பு வேறு கேட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் உள்ளறை வாசலில் வீட்டுக்காரர் நிற்கிறார், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு.

"எனக்குக் கேட்டுச்சு," என்றார்.

"என்ன கேட்டுச்சு?"

"ஞாயித்துக்கிழமை நீ சொன்னதும் கேட்டுச்சு. இப்ப சொன்னதும் கேட்டுச்சு."

"அப்படின்னா இறங்கிப் போய்ச் சொல்லுங்களேன்! உங்களை யாரு பிடிச்சு வெச்சிருக்கா?"

"நீ இல்லைன்னு சொன்னதுக்கு மேல நான் போய் என்ன சொல்றது?" என்று உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குள் உப்பு இருக்கா, தண்ணி இருக்கா என்பதைத் தவிரப் பேச்சு இல்லை.

ஐந்தாம் நாள் லாரிக்காரர் வந்து சேர்ந்தார். குழந்தை பிழைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி கேட்டதும் இத்தனை நாள் பயத்தில் அடங்கிக் கிடந்த கோபம் எல்லாம் அவருக்குத் தலைக்கேறிவிட்டது. படிக்கட்டில் நின்று தம்பியைப் பார்த்துக் கத்திய கத்தல் ஐந்து மாடிக்கும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"தப்பு நடக்கும்டா, மனுஷனுக்கு நடக்கும். நானும் வண்டி ஓட்டறவன், எனக்குத் தெரியாதா? ஆனா பழியைத் தூக்கி அந்தக்கா தலையில போட்டியே, அதை என்னால தாங்க முடியல. இத்தனை வருஷம் என்னையே நம்பற மாதிரி உன்னை நம்பித்தானேடா பிள்ளையை விட்டுட்டுப் போனேன்? பொய் சொல்ல எங்கடா கத்துக்கிட்ட?"

"அண்ணே, நான் பொய் சொல்லல."

"இன்னும் சொல்றான் பாரு! போடா. என் கண் முன்னால நிக்காத."

நான் கதவை ஒரு விரற்கடை திறந்தேன். நெட்டையன் பையோடு கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல் வரை கட்டுப் போட்டிருந்தது. அதனால் பையின் வாரை முழங்கையில் மாட்டியிருந்தான். ஜிப் மூடவில்லை, மூட விரல் ஏது? ஒரு சட்டைக் கை வெளியே தொங்கியது. நிமிர்ந்து பார்த்தவன் கதவிடுக்கில் என்னைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னது பொய்யா?"

அவன் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. ஊரே பொய் என்கிறதே, ஒருவேளை நாம்தான் தப்பாகக் கேட்டோமோ என்று.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லப்பா," என்றேன்.

"ஓ. சரிக்கா."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டான். கீழ்க்கதவை இடுப்பால் தள்ளித் திறந்துகொண்டு போனான்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். செய்தேன். ஒரு முதலாமாண்டுப் பிறந்தநாளுக்குத் தொப்பி வெட்டினேன், யாரோ ஓய்வு பெறுகிற விழாவுக்கு எழுத்து வெட்டினேன். மெஷின் பாட்டுக்கு ஓடியது. ராத்திரி தூக்கம் வந்தது, பசித்தது, சாப்பிட்டேன். நான் துடித்துப் போவேன் என்று நானே நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால்தான் என் மேல் எனக்கே குமட்டுகிறது.

பதினோராம் நாள் காலை சுண்டுவின் அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா என்று கேட்கப் போன் செய்தேன்.

"சாப்பாடு இருக்குக்கா. நேத்துக் கட்டு மாத்தினாங்க. கத்துவாளேன்னு நாலு பேர் பிடிச்சுக்க வந்தாங்க. ஒரு சத்தம் போடல. தீப்பிடிச்ச அன்னிலிருந்து ஒரு வார்த்தை பேசலக்கா அவ. தண்ணி வேணுமான்னா கண்ணைக் காட்டறா. தொண்டையில ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் பிள்ளைக்குப் பேச்சே போயிடுச்சோன்னு பயமா இருக்குக்கா."

வாயாடி அவள். படியேறும்போதே பேச ஆரம்பித்து என் வீட்டுக்குள் வரும்போது பாதிக் கதை முடித்திருப்பாள். சித்தப்பனைத்தான் தேடுகிறாள், வேறென்ன? அவனை வீட்டை விட்டு விரட்டியது லாரிக்காரர் இல்லை, நான். மெஷினை அணைத்தேன். மேசை மேலே வெட்டியது வெட்டியபடி கிடக்கட்டும் என்று செருப்பை மாட்டினேன்.

"எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"சொல்லிட்டு வரேன்."

அவரும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில், "நீ போ, நான் இங்க இருக்கேன்," என்றார்.

தீக்காய வார்டு வெளியே நீளமான நடை. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். அங்கேதான் சுண்டுவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் நின்றுகொண்டே சொன்னேன். அவன் சொன்னது நிஜம், ஏதாவது வைத்து எரிய விடு என்று நான்தான் சொன்னேன், என்ன வைப்பது என்று அவன் கேட்டதற்கு எரிந்து விழுந்தேன், ஓட்டையைப் பெரிசாக வெட்டியதும் நான்தான். ஒன்றுவிடாமல் சொன்னேன். இடையில் ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள், அது போகிற வரை நிறுத்திவிட்டு மீண்டும் சொன்னேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"இப்ப எதுக்குக்கா சொல்றீங்க?"

"மனசு கேக்கலம்மா."

"எட்டு நாளா கேட்டுச்சே."

அவளே தொடர்ந்தாள்.

"நேத்து அவருக்கே கோபம் தணிஞ்சு அவனுக்குப் போன் போட்டாரு. ஸ்விட்ச் ஆஃப். டயர் கடைக்கும் வரலையாம். ரெண்டு கையும் கட்டோட எவன்கிட்டப் போய்ச் சோறு கேட்டானோ? நான் என்ன சொன்னேன் தெரியுமா அவன்கிட்ட? உனக்குன்னு ஒரு பிள்ளை இருந்தா இப்படிப் பண்ணுவியாடான்னு கேட்டேன். என் பிள்ளைக்குத் தலை பின்னினவன்கிட்ட கேட்டேன்க்கா." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்தாள். பிறகு எழுந்தாள். என் கையைப் பிடித்தாள், அன்பாக இல்லை, நர்ஸ் பிடிக்கிற மாதிரி. "வாங்க. இதை அவகிட்டயே சொல்லுங்க. சித்தப்பா மேல தப்பு இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அதைக் கேட்டாவது பேசறாளான்னு பார்ப்போம்."

மேலே ஒரு அங்கி, வாய்க்கு முகமூடி மாட்டி உள்ளே விட்டார்கள். சுண்டு சாய்ந்து படுத்திருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கட்டு இல்லாத பக்கத்துக் கண் என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிய வேண்டுமே என்று முகமூடியை இறக்கினேன், நர்ஸ் அதட்டியதும் ஏற்றினேன்.

"சுண்டு, பெரியம்மா வந்திருக்கேன்டா."

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு. சித்தப்பா மேல எந்தத் தப்பும் இல்ல. பெரியம்மாதான் சித்தப்பாகிட்டத் தப்பாச் சொல்லிட்டேன். நெருப்புப் பிடிச்சது என்னாலதான். சித்தப்பாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுவோம். நீ பேசு கண்ணு. பெரியம்மாவைத் திட்டவாவது திட்டு."

அந்த உதடு அசைய ரொம்ப நேரம் ஆனது. காய்ந்து வெடித்திருந்தது.

"இல்ல," என்றாள்.

அவள் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள் சுண்டு. தொண்டை கரகரத்தது, ஆனால் பள்ளியில் டீச்சரிடம் ஒப்பிப்பது போல வரிசையாகச் சொன்னாள். "ஒரு வீட்டுல லைட் ஆடிக்கிட்டே இருந்துச்சு. தொடாதேன்னு சித்தப்பா சொன்னாங்க. கத்தி எடுக்கப் போனாங்க. நான் கூரையைத் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் கையில பிடிச்சுடுச்சு. சித்தப்பா கையும் என்னாலதான் சுட்டுச்சு. அப்பா சித்தப்பாவைத் துரத்திட்டாங்கன்னு அம்மா போன்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் சொல்லவே இல்ல யார்கிட்டயும். சொன்னா என்னையும் துரத்திடுவாங்க."

பதினோரு நாள். நாங்கள் பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பழியைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தபோது, அதை முழுசாகத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயை மூடிப் படுத்திருந்திருக்கிறது ஆறு வயசுக் குழந்தை. மூன்றாம் நாளே நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது அவளிடம் போய்ச் சேர்ந்தே இருக்காது.

"இல்லடா தங்கம், இல்ல! நீ பார்க்கத்தானே செஞ்சே! அது பார்க்கறதுக்குத்தானே செஞ்சது!" முட்டாள் மாதிரி அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும், நான் பெரிதாக வெட்டிவிட்டேன், மூன்று விளக்கு எரியவில்லை, மெழுகுவர்த்தி வைக்க முடியாத மாதிரி வெட்டியிருக்க வேண்டும், வெட்டவில்லை. விரல்களால் வட்டம் போட்டுக் காட்டினேன், இவ்வளவு இருக்க வேண்டியது, இவ்வளவு ஆக்கிவிட்டேன் என்று. முகமூடிக்குள் கண்ணீரும் மூக்கும் ஒழுகி எனக்கு மூச்சு முட்டியது. அவள் என் விரல் வட்டத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். விழுந்து அடிபட்ட குழந்தையிடம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று நாம் சமாதானத்துக்குச் சொல்வோமே, அப்படிச் சொல்கிறேன் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

கட்டில்லாத இடது கையை நீட்டி என் அங்கியைத் தொட்டாள்.

"அழாதீங்க பெரியம்மா. நீங்க அங்க இல்லவே இல்லையே."